புதுப்பிப்பு: இரண்டு கும்பிடுபூச்சிக் கூடுகளும் பொரிந்துவிட்டன

மேலூர் பக்கம் வேலிக்குச்சியில் எடுத்த இரண்டு கும்பிடுபூச்சி முட்டைக்கூடுகளை, ஒன்று பழசு, ஒன்று புதுசு, சேர்ந்து பொரிக்க வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "பழசைக் குளிர்ச்சியில் வைங்க" என்ற யோசனைதான். அதைத் தண்ணீர்ப் பானை அருகிலும், புதியதை மாடி அறையிலும் வைத்தேன். மதுரை மாடி அறைச் சூடு தெரியுமே! சூடு கூடினால் உள்ளே வளர்ச்சி வேகமாகும். அப்புறம் இரண்டையும் கொசுவலைக்குள் தனித்தனியாகத் தொங்கவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து வந்தேன். தெளித்த கையோடு பொரியும் என்றார்கள், அப்படி நடக்கவில்லை.

அடுத்தடுத்த காலைகளில் பொரிந்தன. குஞ்சுகள் மெல்லிய இழைகளில் கொத்தாகத் தொங்கி, அங்கேயே முதல் தோலை உரித்துவிட்டுத்தான் கால் விரித்தன.

எதிர்பாராதது: பிறகு பழைய கூட்டின் பக்கவாட்டில் சின்ன வட்ட ஓட்டைகள். வெளியே வந்தவை பச்சையாக மின்னும் குட்டிக் குளவிகள், தொடை பருத்த பின்கால்களோடு. பொடாக்ரியான் வகை, கும்பிடுபூச்சி முட்டையைத் தின்றே வளர்பவை. புதுக்கூடு ஏதும் பக்கத்தில் இருந்தால் உடனே தள்ளி எடுத்து வைத்துவிடுங்கள்.

குஞ்சுகளுக்குக் கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்கும் ஈ போதும். நெருக்கிப் போட்டால் ஒன்றையொன்று தின்னும், அதனால் பாதிக்கு மேல் கறிவேப்பிலைச் செடியில் விட்டுவிட்டேன்.