ஊரடங்கில் ஏறிய எடை: நம் பிள்ளைகளிடம் பார்த்தது

உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு மாவட்டம்:

2021 நவம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை பள்ளி திறந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் ஆறாம் வகுப்போடு வீட்டுக்குப் போன பசங்க எட்டாம் வகுப்பாக வந்து நின்றார்கள். அதில் ஒருத்தன் கபடியில் எனக்கு அருமையான ரெய்டர். மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னேன். பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். சட்டைப் பட்டன் இழுத்துக்கொண்டு இருந்தது. "தெருவுக்கே விடலை சார்" என்றான். வகுப்பும் செல்போனில், விளையாட்டும் செல்போனில், பக்கத்தில் எப்போதும் தின்ன ஒரு தட்டு.

இளைத்து வந்த பிள்ளைகளும் உண்டு. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். வேலையில்லாத வீட்டில் அது எத்தனை பேர் வயிற்றுக்குப் பிரியும்?

எனக்கு ஆறாத கோபம் ஒன்றில்தான். பள்ளி திறந்ததும் போர்ஷன் முடிக்கணும் என்று பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். 5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பிள்ளைகளுக்கு வாரத்துக்கே அது கிடைக்கவில்லை. மூடியிருந்தபோது ஏறிய எடை, திறந்த பிறகும் இறங்காததற்கு இதுவும் காரணம் என்று அடித்துச் சொல்வேன். அந்தக் கபடிப் பையனை ஒன்பதாம் வகுப்பில் ரெய்டுக்கு அனுப்பாமல், எதிரணி ரெய்டரைப் பிடிக்கிற கார்னரில் நிறுத்தினேன். பிடித்தால் விடமாட்டான்.

ஒரு அம்மா, சென்னை:

சார், எங்களுடையது அபார்ட்மென்ட். கீழே இருந்த ஊஞ்சலைச் சங்கத்தார் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை படர்ந்தது. அழுக்கு என்று மாமியார் கடலைமாவு போட்டுத் தேய்ப்பார், அவள் எரியுது பாட்டி என்று அழுவாள். குழந்தை டாக்டர்தான், "அழுக்கு இல்லைம்மா, உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கிறதுக்கு அடையாளம்" என்றார். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணையையும் காட்டினார். பெரியவர்களின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 23-க்குச் சமமான கோட்டைத் தாண்டினாலே நம் பிள்ளைகளுக்கு அது கூடுதல் எடை, 27-க்குச் சமமான கோட்டைத் தாண்டினால் உடல் பருமன். சொந்தக்காரர்களோ "கொழுகொழுன்னு அழகா இருக்கா" என்று கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பத்து வயது முடிவதற்குள் பெரியவளாகிவிட்டாள். சிறுமிகள் சீக்கிரம் பருவமடைவது கூடியிருப்பதாக இத்தாலி மருத்துவர்களும் அப்போது எழுதியிருந்தார்கள். எடை மட்டுமே காரணமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

லண்டனிலிருந்து இன்னொரு அம்மா:

அக்கா, இங்கே ஆரம்பப் பள்ளியில் சேரும் ஆண்டிலும் முடிக்கும் ஆண்டிலும் பிள்ளைகளுக்கு எடை, உயரம் பார்ப்பார்கள். இங்கிலாந்து முழுக்க 4–5 வயதில் உடல் பருமன் 2019-20-ல் 9.9 சதவீதம், அடுத்த ஆண்டே 14.4. 10–11 வயதில் 21-லிருந்து 25.5. ஓடியாடத் தொடங்கியதும் சின்னதுகள் 2021-22-ல் 10.1-க்கு இறங்கிவிட்டார்கள். 10–11 வயதுப் பிள்ளைகள் 23.4-லேயே நின்றார்கள். என் மகன் அந்தப் பெரிய பிள்ளைகளில் ஒருவன். எடை கூடுதல் என்று வீட்டுக்கு வந்த கடிதத்தை எனக்கு முன்பே அவன் படித்துவிட்டான். அன்றிலிருந்து மற்ற பசங்க முன்னால் ஷார்ட்ஸ் போடவே மாட்டேன் என்கிறான். சார், இவனை மைதானத்தில் எப்படி இறக்குவது?

உடற்கல்வி ஆசிரியர்:

முழுக்கால் பேன்ட்டோடயே வரட்டும்மா. ஓட்டப் பந்தயம் இப்போதைக்கு வேண்டாம். எடை மெஷினை அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். வளர்கிற வயது, எடை மேலே ஏறாமல் நின்றாலே உயரம் பாதியைச் சரிக்கட்டிவிடும். சாயந்திரம் ஷட்டில் மட்டையை எடுத்துக்கொண்டு அவன் அப்பாவைக் கூட அனுப்புங்கள்.