எத்னிக் ஸ்டடீஸ் அறிமுகப் பாடத்தைக் கட்டாயமாக்கியது சரியா?

விரிகுடாத் தந்தை:
கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் கணினி அறிவியல் படிக்கும் என் மகள், வரும் பருவத்தில் எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழு ஆய்வுகள்) அறிமுகப் பாடத்தை எடுத்தே ஆக வேண்டும். 2020 ஆகஸ்டில் கையெழுத்தான ஏபி 1460 என்ற மாநிலச் சட்டப்படி இதற்கு 3 யூனிட் (பாட அளவை). அமெரிக்கப் பழங்குடியினர், கறுப்பினத்தவர், ஆசிய அமெரிக்கர், லத்தீன் வம்சாவளியினர் ஆகியோரின் வரலாற்றை விரும்புகிறவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். பாடத்திட்டத்தில் சட்டமன்றம் கைவைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்று ஒன்றைச் சேர்க்கிறவர்கள் நாளை இன்னொன்றை நீக்க மாட்டார்களா?

பழைய மாணவன்:
இது சட்டமன்றம் தானாக மனமிரங்கிக் கொடுத்த பாடம் அன்று, ஐயா. 1968 நவம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் வளாக மாணவர்கள் இத்தகைய பாடங்களைக் கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த மார்ச் வரை நீடித்தது. வளாகத்தின் தற்காலிகத் தலைவராயிருந்த ஹயகாவா, மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமேல் தாமே ஏறிக் கம்பிகளைப் பிடுங்கி எறிந்தார். அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 1969இல் எத்னிக் ஸ்டடீஸுக்கென்று அங்கே தனிக் கல்லூரியே உருவாயிற்று. யூனிட் கணக்கும் கூடவில்லை. சமூக அறிவியலில் 3 யூனிட்டைக் குறைத்துவிட்டுத்தான் இதைச் சேர்த்தார்கள்.

விரிகுடாத் தந்தை:
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. படிக்க விரும்பியவர்களுக்கு வாய்ப்பு வேண்டும் என்று போராடியதற்கும், விரும்பாதவரையும் உட்கார வைப்பதற்கும் வேறுபாடு இல்லையா? அரிசோனாவில் 2010இல் சட்டம் இயற்றித்தான் டூசான் பள்ளிகளின் மெக்சிக அமெரிக்கப் பாடத்தை முடக்கினார்கள். கருவி ஒன்றுதான்.

பழைய மாணவன்:
அந்தத் தடை இனவெறுப்பால் விளைந்தது என்று 2017இல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தாரே! ஒரு வகுப்பை மூடுவதையும், ஒரு வகுப்பில் உட்காரச் சொல்வதையும் ஒரே தராசில் வைக்கலாகாது. கணினி மாணவருக்குக் கட்டாயமாக இருக்கும் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை நாம் எவரும் எதிர்ப்பதில்லை.

மூன்றாமாண்டு மாணவி:
இருவரும் வகுப்பறைக்கு வெளியே நின்று பேசுகிறீர்கள். நான் உள்ளே இருந்தேன். 1922இல் ஜப்பானியரான ஒசாவாவிடம் 'வெள்ளையர் என்றால் காகசியர் (அன்றைய இன வகைப்பாட்டில் ஒரு பிரிவினர்), நீர் காகசியர் அல்லர்' என்று குடியுரிமையை மறுத்த உச்ச நீதிமன்றம், மூன்றே மாதம் கழித்துப் பஞ்சாபிலிருந்து வந்து அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த பகத் சிங் திந்திடம், 'காகசியராக இருந்தால் மட்டும் போதாது, சாமானியர் கண்ணுக்கு வெள்ளையராகத் தோன்ற வேண்டும்' என்றது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லாண்ட். அவற்றை அடுத்தடுத்துப் படித்த அன்று வகுப்பில் வெகுநேரம் பேச்சே எழவில்லை. ஆனால் எல்லா வாரமும் அப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இணையப் பலகையில் 200 சொல் எழுதி, இருவருக்குப் பதிலிட்டால் மதிப்பெண் உண்டு. பாதிப் பேர் 'அருமையான கருத்து' என்று ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கட்டாயம் என்றதும் கூட்டம் சேர்கிறது, கூட்டம் சேர்ந்ததும் கட்டுரை போய்க் கொள்குறி வினா வந்துவிடுகிறது. ஐயா, மூலத் தீர்ப்புகளைப் படிக்க வைத்துக் கட்டுரை கேட்கும் வகுப்புப் பிரிவாகப் பார்த்து உங்கள் மகளைச் சேரச் சொல்லுங்கள்.

விரிகுடாத் தந்தை:
திந்த் வழக்கை இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன், அம்மா. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சட்டமன்றத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமும் இல்லை. நீங்கள் சொல்லும் வகையான பிரிவு ஒன்றுதான் அவள் வளாகத்தில் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது இடத்தில் நிற்கிறாள்.