அச்சில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று: எழுத்து காலை வாரிய அனுபவங்கள்

ஊர் ஊராக அச்சு, டைப்பிங் வேலை பார்ப்பவர்கள் சொன்னவை.

பாம்பன் டிடிபி:
விசைப்படகுச் சங்கப் பொதுக்குழு நோட்டீஸ். லூவாலேடெக் (லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் ஒரு வகை), இரண்டு பத்தி, இரு ஓரமும் சமன், தமிழ்ச் சொல் உடைப்பு ஆன். 1,000 பிரதி ஓடிக் கட்டுப் போடும்போதுதான் கண்ணில் பட்டது: ஒரு வரி 'கெ' என்று முடிகிறது, அடுத்த வரி 'ளரவத் தலைவர்' என்று தொடங்குகிறது. டைப் அடித்தவர் கௌ-வை கெ, ள என்று இரண்டாக அடித்திருக்கிறார். பல ஃபான்டில் இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான், தாளில் புரூஃப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மென்பொருளுக்கு ள தனி எழுத்து, அதனால் அங்கே உடைத்தது. அதன் மேல் தப்பில்லை. கோப்பில் 'கௌரவ' என்று சரியாக அடித்துத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது 'கெளரவ'. மொத்தமாக 'கெள'வை 'கௌ'வாக மாற்றிவிடுங்கள்.

மண்டபம் ஏலக்கணக்கு:
கருவாட்டு விலைப்பட்டியல். வெறும் உரையாக வெளியே எடுக்க ஜிராஃப் (groff, டிராஃப் வகைப் பக்க வடிவமைப்பு மென்பொருள்). '.5 கிலோ நெத்திலி' வரி மட்டும் காணோம்! பிழைச் செய்தியும் கிடையாது. வரியின் முதல் எழுத்து புள்ளி என்றால் டிராஃப் குடும்பத்துக்கு அது கட்டளை. '5' என்ற பெயரில் கட்டளை இல்லாததால் வரியையே சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோளில் தொடங்கும் வரிக்கும் இதே கதி. 0.5 என்று எழுதுங்கள், அல்லது புள்ளிக்கு முன்னால் \& போடுங்கள். எல்லா எச்சரிக்கையையும் காட்டச் சொல்லி ஓட்டினால் வரி எண்ணோடு பிடிபடும்.

தொண்டி:
மண்டபம் சொன்னது லேடெக்கிலும் உண்டு, இன்னும் மோசமாக. இறால் கொள்முதல் சீட்டு. மூலக்கோப்பில் 'கழிவு 5% போக 47.5 கிலோ', அடுத்த வரியில் 'கிலோ 420 ரூபாய்'. அச்சில் வந்தது: 'கழிவு 5கிலோ 420 ரூபாய்'. லேடெக்குக்கு % என்றால் அச்சாகாத குறிப்பின் தொடக்கம், அதற்குப் பின்னால் இருப்பதோடு வரி முடிவையும் சேர்த்துத் தின்றுவிடுவதால் இரண்டு வரியும் ஒட்டிக்கொள்கின்றன. & என்றால் பிழை காட்டி நிற்கும், % நிற்காது. \% என்றுதான் அடிக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட தாளில் இதை இரண்டு தடவை பாருங்கள்.

ராமேஸ்வரம் ஜெராக்ஸ்:
படகு டோக்கன் பட்டியல். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்கியது, அச்சில் பல்வரிசை போல ஏறி இறங்கி நின்றது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் 'ர' ஒரு அகலம், 'ணை' அதைவிட மிக அகலம். வெறும் உரையில் பெயருக்குப் பின்னால் எண்ணை வைத்தால் எந்தப் போனிலும் நேராக நிற்காது. எண்ணை முதலில் வையுங்கள், பெயரைக் கடைசியில். 07, 12, 113 எல்லாவற்றையும் 007, 012, 113 என்று மூன்று இலக்கமாக்கிவிட்டால் ஸ்பேஸே தேவையில்லை, ஏனென்றால் பெரும்பாலான ஃபான்டில் இலக்கங்கள் சம அகலம். அச்சுக்கு டேப் ஸ்டாப் (டேப் விசை தட்டினால் போய் நிற்கும் இடம்) வையுங்கள், தொகை இருந்தால் புள்ளிகளை ஒரே நேரில் நிறுத்தும் தசமப் புள்ளி டேப். அப்படியே தாளையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரித்த ரீம் ஒரு ராத்திரியில் ஈரம் இழுத்து ஓரம் அலை அலையாகிவிடும், லேசரில் முதல் பக்கம் சூடுபட்டுச் சுருண்டு இரண்டாம் பக்கம் போகும்போது ஜாம் ஆகும். தேவையானதை மட்டும் பிரியுங்கள், மிச்சத்தைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டுங்கள், முதல் பக்கம் ஓடியதும் தாளை ஆறவிட்டுத் திருப்பிப் போடுங்கள்.

கீழக்கரை:
நிக்காஹ் பத்திரிகை, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். மேலே இருந்த அரபி வரி எழுத்தெழுத்தாகப் பிரிந்து இடமிருந்து வலமாக ஓடியது. பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் (அரபி, இந்திய எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து அடுக்கும் வசதி) தேர்வாகவில்லை. அது இல்லாவிட்டால் தமிழிலும் 'கெ' என்பது க முன்னும் கொம்பு பின்னுமாக வரும். அவசரத்துக்கு எல்லாவற்றையும் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு உருவமாக்கிக் கொடுக்கிறார்கள். அச்சுக்குச் சரி. வாட்ஸ்அப்புக்கு உரை கேட்டால் எடுக்க ஒன்றுமே மிஞ்சாது. கர்வ் ஆக்கும் முன் ஒரு பிரதி தனியே சேமித்துவிடுங்கள்.

தேவிபட்டினம்:
பாம்பன் அண்ணே, மொத்தமாக மாற்றச் சொன்னது ஆபத்து. மீன் பட்டியல் ஒன்றில் அப்படி மாற்றியதில் 'கெளுத்தி' கெட்டது: ள போய்விட்டது, அதன் உகரக் குறி கௌ-வுக்குப் பின்னால் அநாதையாகத் தொங்கியது. இன்னும் துணிந்து 'ெள' எல்லாவற்றையும் மாற்றினால் 'வெள்ளி'யும் போகும். பழைய ஃபான்டிலிருந்து யூனிகோடாக்கும் சில மாற்றிகள் இதையே செய்து 'வௌ்ளி' என்று கொடுக்கின்றன. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் 'வெள்ளிக்கிழமை' என்று தேடினால் அந்த அறிவிப்பு கிடைக்காது. நார்மலைஸ் செய்தாலும், அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு யூனிகோட் வடிவங்களை ஒன்றாக்கினாலும் தீராது. அது ே, ா என்று தனித்தனியாக அடித்ததை ோ ஆக்கும், ள-வைத் தொடாது. கெளரவ, பெளர்ணமி, மெளன, செளகரிய என்று முழுச் சொல்லாகத் தேடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முடித்ததும் 'ௌ்', 'ௌு', 'ௌி' என்று ௌ-வுக்குப் பின்னால் வேறு குறி ஒட்டியிருக்கிறதா எனத் தேடுங்கள், எல்லாம் பூஜ்யம் காட்டினால் அச்சுக்கு அனுப்பலாம்.