ஃபெல்ட் இசைக்குழு: மறுபடி கேட்கும்போது உங்களை நிறுத்திய இடம் எது?

சுழல்தட்டு

'க்ரம்ப்ளிங் தி ஆன்டிசெப்டிக் பியூட்டி', பிரிட்டிஷ் ராக் குழுவான ஃபெல்ட்டின் முதல் ஆல்பம், 1982. 'பேர்ட்மென்' ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த சந்தேகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ட்ரம்ஸ் உருண்டு உருண்டு வருகிறது, ஆனால் அதற்கு மேலே கேட்கவேண்டிய 'ச்சிஸ்' சத்தம் எங்கே? ஊசியில் தூசியா, வயர் சரியில்லையா, யாரோ டேப்பிலிருந்து மோசமாக எடுத்த பிரதியா என்றுதான் முதலில் தோன்றும். ஊசியைத் துடைத்தாலும், வயரை மாற்றினாலும், ட்ரெபிளை ஏற்றினாலும் அந்தச் சத்தம் வராது.

காரணம், அங்கே சிம்பலே, அதாவது ட்ரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டே, இல்லை. ட்ரம்ஸ் வாசிக்கும் கேரி எயின்ஜ் டாம்களை (தாழ்ந்த ஒலி தரும் ட்ரம்களை) மட்டும் வைத்துத் தாளத்தை நகர்த்துகிறார். சிம்பல் வேண்டாம் என்றது குழுவின் தலைவரும் பாடகருமான லாரன்ஸ்.

பிரதியில் குறையா, இசையே அப்படியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ட்ரம்ஸை விட்டுவிட்டு, கிட்டாரை மீட்டும் பிக் கம்பியில் உரசும் சத்தத்தையும், லாரன்ஸ் 'ஸ' ஒலியை உச்சரிக்கும் விதத்தையும் கவனியுங்கள். அவை கூர்மையாகக் கேட்டால் மேல் ஒலிகள் முழுசாக இருக்கின்றன என்று அர்த்தம். அவையும் மழுங்கியிருந்தால்தான் பிரதியைச் சந்தேகிக்க வேண்டும். சிம்பலின் நீண்ட இரைச்சல் கிட்டாரின் மினுமினுப்பு இருக்கும் அதே பகுதியில்தான் வந்து உட்காரும். அதை எடுத்துவிட்டதால் கிட்டார் வாசிக்கும் மாரிஸ் டீபேங்கின் ஒவ்வொரு கம்பியும் கடைசிவரை அதிர்ந்து அடங்குவது கேட்கிறது. இந்தக் குழுவுக்குள் நுழைய சரியான வாசல் இந்த ஆல்பம்தான்.

பழைய_கேசட்

என்னை உறுத்தியது பெயர்தான். 'தி செவன்டீன்த் செஞ்சுரி' என்றதும் எங்கோ புதைந்திருந்த ஆல்பம் ஒன்று கிடைத்துவிட்டது என்று கை பரபரத்தது. முதல் பாட்டு இருபது விநாடி ஓடியதுமே அடையாளம் தெரிந்துவிட்டது. 1986-ல் க்ரியேஷன் நிறுவனம் வெளியிட்ட 'லெட் தி ஸ்னேக்ஸ் க்ரிங்கிள் தெயர் ஹெட்ஸ் டு டெத்' ஆல்பம்தான் அது. 2018-ல் செர்ரி ரெட் நிறுவனம் மறுவெளியீடு செய்தபோது லாரன்ஸ் பெயரை மாற்றிவிட்டார்.

தேடுகிறவர்கள் கணக்கை மனதில் வையுங்கள்: பத்து வருடம், பத்து ஆல்பம், பத்து சிங்கிள். பதினோராவது ஆல்பம் என்று எது கண்ணில் பட்டாலும் அது தொகுப்பு, இல்லையென்றால் பெயர் மாறியது. 'கோல்ட் மைன் ட்ராஷ்', 'பபிள்கம் பெர்ஃப்யூம்', 'ஸ்டெயின்ஸ் ஆன் எ டெகேட்' மூன்றும் தொகுப்புகள். முதல் இரண்டு ஆல்பங்களும் ஒரே சிடியில் சேர்ந்தும் வந்திருக்கின்றன. அதை வைத்திருப்பவர் தனித்தனியாக வாங்கும் முன் பாட்டுப் பட்டியலைப் பார்க்கவும்.

நரம்பொலி

'தி ஸ்டேக்னன்ட் பூல்'. 1984, 'தி ஸ்ப்ளெண்டர் ஆஃப் ஃபியர்'. ஆறு பாட்டில் நாலுக்குக் குரலே கிடையாது, குரல் இருக்கும் இரண்டில் இது ஒன்று. லாரன்ஸ் பாடி முடித்து ஒதுங்கியபின் டீபேங்கின் கிட்டார் மட்டும் விரிந்துகொண்டே போகிற இடம். அது போதும் எனக்கு. 1985-ல் டீபேங்க் விலகினார், ஃபெல்ட் அதோடு முடிந்தது என்பதே என் கருத்து.

அந்த ஒலியை வாசிக்க முயல்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒலியை மாற்றும் பெடல் வாங்க ஓடாதீர்கள். டீபேங்க் க்ளாசிக்கல் பயிற்சி பெற்றவர். ஒலியின் பாதி அவருடைய இடது கையில் இருக்கிறது. கார்டைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக மீட்டும்போது, அடுத்த ஸ்வரம் ஒலித்த பிறகுதான் முந்தைய விரலை எடுக்கவேண்டும். அரை நொடி முந்தினாலும் ஒலி அறுந்து பாட்டு தட்டச்சு அடிப்பதுபோல் ஆகிவிடும். மெட்ரோனோமை 60-ல் வைத்து ஒரே கார்டைப் பத்து நிமிடம் வாசியுங்கள். திறந்த கம்பி எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் அதையே பயன்படுத்துங்கள், விரலுக்கு நேரம் கிடைக்கும்.

அதன் பிறகு கருவி. கம்பி புதிதாக இருக்கவேண்டும். ஒரு மாதம் வியர்வை பட்ட கம்பியில் அந்த மணியொலி வராது. ஆம்ப் சுத்தமாக, டிஸ்டார்ஷன் துளியும் இல்லாமல். டிலே (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் பெடல்) 300 முதல் 400 மில்லிசெகண்டுக்குள், திரும்ப ஒலிப்பது இரண்டு முறை போதும், கலவை கால் பங்கைத் தாண்டக்கூடாது. கோரஸ் (ஒலியைப் பலவாக அசைத்துக் காட்டும் பெடல்) வேகம் மிகக் குறைவு, ஆழமும் குறைவு. ஆழத்தை ஏற்றினால் சுருதி ஆட ஆரம்பிக்கும், ரீவெர்பும் சேர்ந்தால் மூன்று கம்பி ஒரே கூழாகிவிடும். அப்படி ஆனால் முதலில் கோரஸை அணையுங்கள், பிறகு டிலேயைக் குறைத்துவிடுங்கள், ரீவெர்பைக் கடைசியாகத் தொடுங்கள். பேஸ் குமிழியைப் பாதிக்குக் கீழே வையுங்கள், டாம்கள் உட்காரும் இடம் அது. ட்ரம்ஸ் வாசிப்பவர் ஹை-ஹேட் என்ற ஜோடி சிம்பலைத் தொட்டுவிட்டால் இவ்வளவு வேலையும் வீண். அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மேல்மாடி

'ட்ரெய்ன் அபோவ் தி சிட்டி' போட்டப்ப உறைக்குள்ள தட்டு மாறிப் போச்சுன்னே நினைச்சேன். பியானோ, வைப்ரஃபோன், ஜாஸ். குரல் வரும் வரும்னு காத்திருந்தா கடைசிவரை வரலை. லாரன்ஸ் அதுல ஒரு ஸ்வரம்கூட வாசிக்கலை. வாசிச்சது குழுவோட கீபோர்ட்காரர் மார்ட்டின் டஃபியும் எயின்ஜும். லாரன்ஸ் பாட்டுகளுக்குப் பெயர் வச்சார், அவ்வளவுதான். 1988. தட்டு சரியானதுதான், யாரும் திருப்பிக் கொடுத்துடாதீங்க.

ஆர்கன்பிரியன்

நரம்பொலி, 1985-ல் முடிந்தது என்று நீங்கள் எழுதியதை அப்படியே விட மனம் வரவில்லை. 'ஃபாரெவர் ப்ரீத்ஸ் தி லோன்லி வேர்ட்', 1986. டீபேங்க் இல்லாத ஆல்பம். 'ரெய்ன் ஆஃப் க்ரிஸ்டல் ஸ்பையர்ஸ்' தொடங்கியதும் டீபேங்க் விட்டுப்போன இடம் முழுவதிலும் டஃபியின் ஆர்கன் வந்து நிறைகிறது. பதினாறு வயதில் குழுவுக்குள் வந்த பையன். உறையில் இருக்கும் முகமும் அவருடையதுதான். எட்டுப் பாட்டு, அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், தள்ளிவிடவேண்டிய ஒன்றுகூட இல்லை. கிட்டார் பின்னால் போனதால்தான் லாரன்ஸின் வரிகள் முதன்முறையாகத் தெளிவாகக் காதில் விழுகின்றன.

சுழல்தட்டு சொன்ன வாசலையும் நான் ஏற்கவில்லை. புதிதாக வருகிறவர் கையில் 'க்ரம்ப்ளிங்' கொடுத்தால் மூன்றாம் பாட்டில் எழுந்து போய்விடுவார். குரல் தாழ்ந்து புதைந்திருக்கும், பல்லவியைப் பிடிக்க நேரமாகும். என் வரிசை இது: முதலில் 'ஃபாரெவர்', அடுத்து 'தி ஸ்ட்ரேஞ்ச் ஐடல்ஸ் பேட்டர்ன்'. ஜான் லெக்கி தயாரித்த அந்த ஆல்பத்தில் லாரன்ஸின் பாப் பாட்டுகளுக்கு நடுவே டீபேங்கின் குட்டி கிட்டார் துண்டுகள் இருப்பதால் இருவரும் எங்கே பிரியப்போகிறார்கள் என்பது அங்கேயே கேட்கும். மூன்றாவதாக 1989-ன் 'மீ அண்ட் எ மங்கி ஆன் தி மூன்', பி.ஜே. கோலின் பெடல் ஸ்டீல் கிட்டாருக்காகவே. அதற்குப் பிறகு 1982-க்குப் போகட்டும். அப்போது சிம்பல் இல்லாதது குறையாகத் தெரியாது.

சுழல்தட்டு

வரிசையை ஏற்கிறேன், காரணத்தை ஏற்கவில்லை. குரல் புதைந்திருப்பது அந்த ஆல்பத்தின் பலவீனமல்ல. கிட்டாருக்கும் குரலுக்கும் ஒரே உயரம் கொடுத்திருக்கிறார்கள்.

தேடல்

ஃபெல்ட் என்று பெயரை மட்டும் போட்டுத் தேடினால், அதே பெயருள்ள கம்பளித் துணியும் தொப்பியும்தான் வரும். அதே பெயரில் அமெரிக்க ஹிப்-ஹாப் ஜோடி ஒன்றும் இருக்கிறது, பாட்டுத் தளங்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்துவிடுவதுண்டு. ஆல்பத்தின் முழுப் பெயரைப் போடுங்கள், ஆண்டு 1979-க்கும் 1989-க்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். மறுவெளியீடுகளில் 2018 என்று காட்டலாம், அதை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

எனக்கு 'ப்ரிமிடிவ் பெயின்டர்ஸ்'. அதில் சேர்ந்து பாடும் காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃப்ரேஸர் குரல் மேலெழும்பும் அந்த இடம். லாரன்ஸ் பதிலுக்குத் தன் குரலை ஏற்றுவதே இல்லை, பேசுவதுபோல் அதே தட்டையான சுருதியில் போய்க்கொண்டிருக்கிறார். அவர் உயர உயர இவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

இதை எந்தப் பிரதியில் கேட்பது என்று யோசிப்பவர்களுக்கு: 'இக்னைட் தி செவன் கேனன்ஸ்' ஆல்பத்துக்கு 1985-ல் தயாரிப்பாளர் ராபின் கத்ரி போட்ட மிக்ஸ் லாரன்ஸுக்குப் பிடிக்கவில்லை, 2018 பதிப்பில் பல பாட்டுகள் புதிதாக மிக்ஸ் ஆகியிருக்கின்றன. இரண்டையும் ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். பிறகு ட்ரம்ஸின் பின்னால் இழுபடும் எதிரொலி எவ்வளவு நேரம் நீள்கிறது என்று மட்டும் கேளுங்கள். பழையது நீளும்.