இடித்தது போலீஸ் ஜீப், வழக்கு எழுதுவதும் போலீஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

போன வருடம் ஐப்பசி. ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அப்பா கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். இடது பக்கத் தெருவிலிருந்து ரோந்து ஜீப் ஒன்று, சைரனும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை, நேராக மெயின் ரோட்டில் ஏறிவிட்டது. பம்பர் அப்பாவின் இடது காலில் பட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீப்பில் இருந்த இரண்டு காவலர்களும் ஓடிவிடவில்லை. அப்பாவைத் தூக்கி அதே ஜீப்பில் படுக்கவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் ஜீப் கிளம்பிய அந்த நிமிடமே, அது அங்கே நின்றதற்கான தடயமும் கிளம்பிவிட்டது. ஸ்கூட்டரை யாரோ ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். பிறகு வந்து பார்க்கிறவருக்கு, ஈர ரோட்டில் வயசானவர் ஒருத்தர் சறுக்கி விழுந்த மாதிரிதான் தெரியும்.

நானும் தம்பியும் போய்ச் சேர்ந்தபோது, டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதுதான். "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற காவலர், "வண்டி ஸ்லிப் ஆயிடுச்சு டாக்டர்" என்றார். டாக்டர் பேனா அதை எழுத ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு நினைவு இருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லம்மா, ஜீப் இடிச்சுது" என்றார். நான் மேஜை மேல் கையை ஊன்றி, "சார், நோயாளி சொல்றதைத்தானே எழுதணும்? அவர்கிட்ட கேளுங்க" என்றேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், காவலரைப் பார்த்தார், அப்புறம் அப்பாவிடம் குனிந்து கேட்டார். முதல் வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போலீஸ் ஜீப் மோதியதாக நோயாளி கூறுகிறார்" என்று எழுதினார். அந்த ஒரு வரிதான் இன்றுவரை எங்கள் வழக்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

தம்பி செய்தது இன்னொன்று. போர்ட்டிகோவில் நின்ற ஜீப்பைப் போய் நாலைந்து போட்டோ எடுத்தான். எண் பலகை, பம்பரின் இடது முனை, அதில் ஒட்டியிருந்த அப்பா ஸ்கூட்டரின் நீலப் பெயிண்ட். மறுநாள் சாயங்காலம் அந்த ஜீப்பை ஸ்டேஷன் வாசலில் பார்த்தபோது பம்பர் பளிச்சென்று துடைத்திருந்தது.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, மட்டும் கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால், "ஆஸ்பத்திரிச் செலவு நாங்க பார்த்துக்கறோம்மா, எதுக்கு கேஸு? டிரைவர் புள்ளகுட்டிக்காரன்" என்றார் ஆய்வாளர். மிரட்டலாக இல்லை, கெஞ்சலாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டம். மூன்று நாள் பொறுத்தோம். நாலாம் நாள் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார், கூடவே போட்டோக்களின் பிரிண்ட், ஏ.ஆர். நகல். ஏழாம் நாள் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281, 125(பி): கவனக்குறைவாக வண்டி ஓட்டியது, பலத்த காயம் ஏற்படுத்தியது.

அடுத்து என்ன செய்வது என்று எங்களுக்கு முழுசாகத் தெரியவில்லை. இதே மாதிரி பட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கார் வைத்திருப்பவர்

எனக்குச் சின்ன விஷயம். சிக்னலில் நின்றிருந்தேன். பின்னால் வந்த போலீஸ் வேன் முட்டி டிக்கி உள்ளே போய்விட்டது. "சார், டியூட்டி அவசரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பக்க இன்சூரன்ஸில் கேட்கலாம் என்று விசாரித்தால், இன்சூரன்ஸே கிடையாது என்று தெரிந்தது. கடைசியில் என் பாலிசியில்தான் க்ளெய்ம் போட்டேன். க்ளெய்ம் போடாமல் சேர்த்துவைத்திருந்த பிரீமியம் தள்ளுபடி, அந்த நோ க்ளெய்ம் போனஸ் 35 சதவீதமும் அடுத்த வருடம் போயிற்று. நின்ற வண்டிக்கு நான் கொடுத்த விலை அது.

ஓய்வுபெற்ற காவல்துறை ஓட்டுநர்

தங்கச்சி, அப்பா கால் சரியாகட்டும். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் நான்.

வண்டி மோதினால் முதலில் கண்ட்ரோல் ரூமுக்கு மைக்கில் சொல்ல வேண்டும். பிறகு மோட்டார் வாகனப் பிரிவிலிருந்து வந்து பார்ப்பார்கள், டிரைவரிடம் அறிக்கை வாங்குவார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்துச் சான்று தருவார். வழக்கு ஒரு பக்கம், துறை நடவடிக்கை ஒரு பக்கம். சின்ன தண்டனைக்கான 3(அ) மெமோவா, பெரிய தண்டனைக்கான 3(ஆ) குற்றச்சாட்டா என்பதுதான் எங்கள் பயம். 3(ஆ) என்றால் வாய்மொழி விசாரணை நடக்கும். இன்கிரிமென்ட் நிற்கும், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. வண்டிக்கான சேதத்தைச் சம்பளத்தில் பிடிப்பதும் உண்டு. அந்த ஆய்வாளர் உங்களிடம் கெஞ்சியதற்கு இதெல்லாம்தான் காரணம். அது சரி என்று சொல்ல வரவில்லை.

ஒரு திருவிழா பந்தோபஸ்து. விடிகாலை நாலு மணிக்கு எடுத்த வண்டி, மறுநாள் அதே நேரம் வரை ஓடிக்கொண்டிருந்தது. கண் ஒரு நொடி சொருகியது, முன்னால் போன டெம்போவில் விட்டுவிட்டேன். அந்த டிரைவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. "பிரேக் பிடிக்கலைன்னு எழுதிடுய்யா" என்றார் ஒரு அதிகாரி. நான் எழுதவில்லை. பத்து நாள் முன்னால்தான் பிரேக் ஷூ மாற்றி லாக் புக்கில் ஏறியிருந்தது. பொய் எழுதியிருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு மிதியில் கண்டுபிடித்திருப்பார். தூங்கிவிட்டேன் என்றே எழுதினேன். இன்கிரிமென்ட் போனது. என்னைத் தொடர்ந்து இருபத்துநாலு மணி நேரம் ஓட்டவைத்தது யார் என்று ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது லாக் புக். எத்தனை மணிக்கு எங்கே கிளம்பியது, எத்தனை கிலோமீட்டர், எதற்காக, யார் கையெழுத்து என்று அந்தப் பக்கம் பேசும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். விசாரணை நடக்கிறது என்று மறுத்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மூலம் வரவழைக்கலாம்.

விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்

மேலே கார்க்காரர் சொன்னது சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146(2). வணிகம் சாராத வேலைக்கு ஓடும் மத்திய, மாநில அரசு வண்டிகளுக்குக் கட்டாய இன்சூரன்ஸ் கிடையாது. அதனால் பொறுப்பும் இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கும் இடத்தில் அரசே நிற்கிறது, அவ்வளவுதான்.

உதய்ப்பூரில் கலெக்டருக்கான அரசு ஜீப், பட்டறையிலிருந்து திரும்பும்போது நடந்துபோனவர் மேல் மோதி அவர் இறந்துபோனார். டிரைவரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று வருடம் கழித்து, 1965-ல், கஸ்தூரிலால் வழக்கில், மீரட் போலீஸ் பிடித்துவைத்த தங்கத்தை ஏட்டு தூக்கிக்கொண்டு ஓடியதற்கு அரசு பொறுப்பில்லை என்று சொன்னதும் அதே நீதிமன்றம்தான். அரசுத் தரப்பில் இன்னமும் கஸ்தூரிலாலைக் காட்டி "இறையாண்மைப் பணி", அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை, அதனால் பொறுப்பில்லை என்று வாதாடுவார்கள். விபத்து இழப்பீட்டு வழக்கில் அது எடுபடுவதில்லை. பயப்படாதீர்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்டவருக்கும் வர வேண்டும். வந்ததா? வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் வேலையை அவர்களே செய்வார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் நீங்களே பிரிவு 166-ன் கீழ் இழப்பீடு கேட்டு மனு போட்டுவிடுங்கள். அப்பா குடியிருக்கும் ஊர் தீர்ப்பாயத்திலேயே போடலாம். எம்.சி.ஓ.பி. எண், அதாவது இழப்பீட்டு மனுவின் எண், கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இடித்தது எந்த ஸ்டேஷன் வண்டியோ அதே ஸ்டேஷன் விசாரிப்பது எனக்கு ஒப்பாத விஷயம். விசாரணையை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றச் சொல்லி எஸ்.பி.க்கு மனு கொடுங்கள். அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் இருக்கிறார். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீடு தடைபடாது. தீர்ப்பாயம் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்க்கும். நீலப் பெயிண்ட் போட்டோவைத் தம்பி போனிலிருந்து அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போனையும் விற்றுவிடாதீர்கள்.

லண்டனில் இருப்பவர்

இங்கேயும் போலீஸ் வண்டிக்குக் கட்டாய இன்சூரன்ஸ் சட்டம் பொருந்தாது. படித்தபோது எனக்கே ஆச்சரியம். ஆனால் போலீஸ் வண்டி சம்பந்தப்பட்ட மோதலில் ஒருவர் இறந்தாலோ பலத்த காயம் அடைந்தாலோ, ஐ.ஓ.பி.சி. என்ற சுயாதீன அமைப்புக்கு விஷயத்தை அனுப்பியே ஆக வேண்டும். விசாரிப்பதா வேண்டாமா என்பதை அந்த அமைப்பு முடிவு செய்யும். அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை போலீசுக்கு இல்லை. நம் ஊருக்கு வேண்டியது இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் சார், ஐந்தாம் மாதமே மனு போட்டுவிட்டோம். முதல் அறிக்கை நகல் எங்களுக்கு வரவே இல்லை, கேட்டு எழுதியிருக்கிறோம். அண்ணா, லாக் புக்கில் அன்றைய பக்கம் வந்துவிட்டது. அந்த ஜீப் காலை ஆறு மணியிலிருந்து ஒரே டிரைவர் பெயரில் ஓடியிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அந்த வரியைக் கவனித்தேன்.

போன வாய்தாவுக்கு அந்த ஜீப் டிரைவரும் வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்தான் இருப்பார். அப்பா வாக்கரை ஊன்றிப் படி ஏறும்போது, கையைப் பிடிக்க வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பாதான், "பிடிச்சுக்கப்பா" என்றார். மூன்று படி ஏறினார்கள். அடுத்த வாய்தா பதினாலாம் தேதி.