யூனிஸ்ட்ரோக்: ‘ஒருகீற்றெழுத்து’ என்று சொல்வோமா?

அன்பின் நண்பர்களே,

பேனாவை எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதி முடிக்கும் எழுத்தை ஆங்கிலத்தில் ‘யூனிஸ்ட்ரோக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுவில் இதுவரை வந்த சொற்கள் எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. ஹட்டனில் எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளுக்காக, பாம் (Palm) என்ற பேனாவால் எழுதும் கைக்கணினியில், அதன் பழைய எழுத்து முறையான கிராஃபிட்டியைத் திரும்பப் பொருத்தும் முறையை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல் கிடைக்காமல் முதல் பக்கமே நகரவில்லை.

பழைய கிராஃபிட்டியில் பேனாவை வைத்து எடுப்பதற்குள் ஓர் எழுத்து முடிந்துவிடும். ஆங்கில ஏ-க்குக் குறுக்குக்கோடு கிடையாது. கூரை முகடு மாதிரி ஏறி இறங்கினால் போதும். டீ-க்கு வலப்பக்கம் போய் அப்படியே கீழே இறங்க வேண்டும். பேனாவைத் தூக்கியதும் எழுத்து முடிந்ததென்று கருவிக்குத் தெரியும். அதனால்தான் அதே சின்ன இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக, பார்க்காமலே எழுத முடிந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தூறலில் நின்றபடி நான் குறிப்பெடுத்தது இப்படித்தான்.

ஸெராக்ஸ் நிறுவனத்தின் யூனிஸ்ட்ரோக்ஸ் முறைக்கு 1997இல் காப்புரிமை கிடைத்தது. கிராஃபிட்டி அதை மீறுகிறதென்று அதே ஆண்டு ஸெராக்ஸ் வழக்கும் போட்டது. 2003இல் பாம் கிராஃபிட்டி 2-க்கு மாறியது. அதில் ஐ, கே, டீ, எக்ஸ் நான்குக்கும் பேனாவை இரண்டு தடவை வைக்க வேண்டும். அடுத்த ஆண்டே நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது, ஆனாலும் பழைய முறை திரும்பவில்லை. ஆக, பழையதையும் புதியதையும் பிரித்துக்காட்ட நமக்கு இருப்பது இந்த ஒரு சொல்தான்.

‘ஒற்றைக்கோட்டெழுத்து’ என்றால் கோடு போட்ட கொப்பிதான் பிள்ளைகளுக்கு நினைவு வருகிறது. கோடு நேராகவும் தோன்றும்; இங்கே வளைவுதான் அதிகம். ‘ஓரிழுப்பு’ நல்ல பேச்சுச் சொல், “ஒரே இழுப்பா இழு” என்றுதானே சின்னப் பிள்ளைக்குச் சொல்கிறோம்? ஆனால் திரையில் ஒன்றைப் பிடித்து நகர்த்துவதற்கு ‘இழுத்தல்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அப்புறம், குளிர்காலத்தில் இங்கே இழுப்பு என்றால் மூச்சிழுப்புதான்.

கீற்று அப்படியல்ல. நெற்றியில் விரலை வைத்து எடுக்கும்வரை விழுவது ஒரு திருநீற்றுக் கீற்று. வைப்பதும் எடுப்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தென்னங்கீற்றோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்தில் ‘எழுத்து’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. இன்னொன்று, இந்தச் சொல் குடும்பமாக வளரும்: இருகீற்றெழுத்து, பலகீற்றெழுத்து, கீற்று வரிசை. நம் எழுத்துகளையும் இதை வைத்தே பேசலாம். ‘ட’ ஒருகீற்று, ‘ட்’ இருகீற்று. ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டார்கள் என்பார்கள். அந்த ஏட்டில் ‘ட்’டும் ஒருகீற்றாகவே நின்றிருக்கும்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் கீற்றுக்கு வேறு பொருள் வழங்கினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். கையேட்டில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “பழைய கருவியிலிருந்து கிராஃபிட்டி கோப்புகளைப் பிரதியெடுத்து, புதியதில் இட்டு, கருவியை மீளத் தொடங்குங்கள். ஒருகீற்றெழுத்து திரும்பிவிடும். கருவியை முற்றாக அழித்துத் தொடங்கினால் அதுவும் போய்விடும். கோப்புகளின் ஒரு பிரதியை நினைவக அட்டையில் வைத்திருங்கள்.”