மகளுக்கு லினக்ஸ் லேப்டாப்: பழைய திங்க்பேடா, புதுப் பெட்டியா?

கீழப்பாவூரான்:
வணக்கம். மகளுக்கு நெல்லையில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும். "லேபில் எல்லாம் லினக்ஸ்தான், வாங்கும்போதே அதற்குத் தோதாக வாங்கிக்கொள்" என்று சீனியர் பிள்ளைகள் சொல்லிவிட்டார்களாம். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற இன்னொரு ஓஎஸ்ஸாம். நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவன். தக்காளிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. நேற்று ஒரு கடையில் விசாரித்தேன். "லினக்ஸ் போட்டா வாரண்டி போயிரும் அண்ணாச்சி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். உண்மையா? எதை வாங்கட்டும்?

பொருநைப்பித்தன்:
அண்ணாச்சி, புதுசே வேண்டாம். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப்கள் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. லெனோவோவின் திங்க்பேட் டி480, டி14, டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக், இவற்றில் ஒன்றைப் பாருங்கள். நான் டி480-ஐ 21,000-க்கு வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. 2018 மாடல். உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று. ரேமுக்கு இரண்டு ஸ்லாட். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும், எல்லாவற்றையும் வீட்டிலேயே மாற்றலாம்.

பழசை ஏன் சொல்கிறேன் என்றால், லினக்ஸில் டிரைவரை, அதாவது ஒவ்வொரு சிப்பையும் ஓடவைக்கிற மென்பொருளை, தனியாக இறக்கிப் போடுகிற வேலை குறைவு. பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடும். புதுசாக ஒரு சிப் வந்தால் அதற்கு டிரைவர் எழுதி, அது கெர்னலில் ஏறி, அந்தக் கெர்னல் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு வந்து சேர மாதக்கணக்கு ஆகும். பழைய பெட்டிக்கு அதெல்லாம் முடிந்த கதை.

அம்பை99:
பேட்டரியும் முடிந்த கதைதானே வே!

அண்ணாச்சி, இவர் பேச்சைக் கேட்டுப் பிள்ளை கையில் பழசைக் கொடுத்துவிடாதீர்கள். 2018-இல் செய்த பெட்டி, அவள் படிப்பை முடிக்கும்போது பன்னிரண்டு வயது. சந்தையில் விற்கிற மாற்றுப் பேட்டரியில் அசல் எது, போலி எது என்று கடைக்காரருக்கே தெரியாது. அப்புறம் அந்த டி480-இன் யூஎஸ்பி-சி போர்ட் கதையை இவர் ஏன் சொல்லவில்லை? அந்தக் காலத்துத் திங்க்பேட்கள் பலவற்றில் தண்டர்போல்ட் என்ற அதிவேக யூஎஸ்பி-சி போர்ட்டின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் இருக்கிற மென்பொருளை, புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் போர்ட்டே செத்துப்போகும் என்று லெனோவோவே அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. சார்ஜ் ஏறுவதும் யூஎஸ்பி-சி வழியாகத்தான். முந்தைய உடைமைக்காரர் அதைச் செய்தாரா இல்லையா, யார் கண்டார்?

புதுசு வாங்குங்கள். ஏஎம்டி ரைசன், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். இந்தப் பணத்துக்குள் பார்க்கலாம்.

பொருநைப்பித்தன்:
ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க பத்து நிமிஷம். வாங்கியதும் நான் செய்த முதல் வேலை அதுதான். 45,000-க்குள் வருகிற புதுசுகளைத் திறந்து பார்த்திருக்கிறீரா? ரேமில் பாதியோ முழுதோ போர்டிலேயே பற்றவைத்திருப்பான். 8 ஜிபி போதவில்லை என்றால் அழுதுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

தென்காசிச் சாரல்:
இரண்டு பேரும் லேப்டாப்பின் வயதைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். முதலில் அண்ணன் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். லினக்ஸ் போட்டால் வாரண்டி போய்விடும் என்பது பொதுவாக நிஜமில்லை. கீபோர்டு, திரை, போர்டு பழுதானால் உள்ளே எந்த ஓஎஸ் இருந்தாலும் பழுது பழுதுதான். ஆனால் சர்வீஸுக்கு வருகிறவர் விண்டோஸில் ஓட்டுகிற சோதனை மென்பொருளைத்தான் கேட்பார். அதனால் விண்டோஸை அழிக்காமல் ஒரு 100 ஜிபி ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில் லினக்ஸ் போடுங்கள். வாரண்டி அட்டையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவதும் நல்லது.

அடுத்தது, யாரும் கேட்காத கேள்வி. முதல் வருஷப் பிள்ளைக்கு நேரடியாக லினக்ஸ் அவசியமா? விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து அசல் லினக்ஸ் கெர்னலே அதற்குள் ஓடுகிறது. சி நிரல், பைதான், ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் நடக்கும். வைஃபை வருமா, வராதா என்ற தலைவலியே இல்லை. நான் ஆபீஸில் தினமும் அதில்தான் வேலை பார்க்கிறேன்.

அம்பை99:
அக்கா, 8 ஜிபி மெஷினில் விண்டோஸும் ஓடி, அதற்குள் டபிள்யூஎஸ்எல்லும் ஓடி, பிரௌசரில் இருபது டேபும் திறந்திருந்தால் என்ன ஆகும்? அப்புறம், லினக்ஸைக் கற்றுக்கொள்வது என்றால் பூட் ஆகாமல் நிற்கும்போது ஏன் நிற்கிறது என்று தோண்டுவதும் சேர்த்துத்தான். குளத்துப் படியில் உட்கார்ந்து கால் நனைத்தால் நீச்சல் வருமா?

தென்காசிச் சாரல்:
16 ஜிபி வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நீச்சலை முதல் செமஸ்டர் தேர்வுக்கு முந்தின ராத்திரி கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

ஜங்ஷன் பட்டறை:
பழைய லேப்டாப் வாங்குகிற எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன். நான் 14 வருஷமாக ஜங்ஷன் பக்கம் லேப்டாப் சர்வீஸ் பார்ப்பவன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தாமிரபரணித் தண்ணீர் வடிந்த பிறகு மாதக்கணக்கில் என் மேசையில் அந்த லேப்டாப்கள்தான். கழுவித் துடைத்து, காயவைத்தால் பாதி ஓடிவிடும். ஓடும், ஆனால் வண்டல் புகுந்த போர்டு ஆறு மாதத்தில் பச்சை பூக்கும். சிலர் அதைச் சரிசெய்து வைத்துக்கொள்ளாமல் அப்படியே விற்றுத் தள்ளிவிட்டார்கள். அதே மாதம் சென்னையிலும் வெள்ளம். அந்தப் பெட்டிகள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே பழசு வாங்கினால் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ தலையில் துரு, ரேம் ஸ்லாட் ஓரத்தில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் விலை கேட்காமல் எழுந்து வந்துவிடுங்கள். திறந்து காட்ட மாட்டேன் என்று சொன்னாலும் அதேதான்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தையவற்றை எல்லோரும் மலிவாகத் தள்ளுகிறார்கள். லினக்ஸ் அவற்றில் அருமையாக ஓடும் என்பது உண்மை. ஆனால் 12,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று ஆறாம் தலைமுறையை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

பொருநைப்பித்தன்:
பட்டறை அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அம்பைக்காரர் புதுசு வாங்கியபோது என்ன நடந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். போன வருஷம் இங்கேதான் புலம்பினார்.

அம்பை99:
சொல்கிறேன், எனக்கென்ன வெட்கம். வாங்கிய அன்று உபுண்டு 22.04 போட்டேன், வைஃபையே காணவில்லை. ஃபோனை யூஎஸ்பியில் மாட்டி நெட் எடுத்து, புதிய கெர்னலைப் போட்டதும் வந்துவிட்டது. அரை மணி நேர வேலை.

காரணத்தையும் சொல்கிறேன், எல்லோருக்கும் உதவும். உபுண்டு 22.04 முதலில் வந்தது 5.15 கெர்னலோடு. ரியல்டெக் 8852பிஇ என்ற வைஃபை சிப்புக்கான டிரைவர் 6.2 கெர்னலில்தான், அதாவது 2023 பிப்ரவரியில்தான் ஏறியது. இரண்டும் சேர்ந்தால் வைஃபை எப்படி வரும்? அதே லேப்டாப்பில் 24.04 போட்டிருந்தால், அது 6.8 கெர்னல், கேள்வியே இல்லை. மீடியாடெக் 7921 வைஃபை சிப்புக்கு 5.12 கெர்னலிலேயே டிரைவர் வந்துவிட்டது. இன்டெல் வைஃபை சிப் என்றால் பெரும்பாலும் கவலையில்லாமல் தூங்கலாம். சங்கடம் தருவது பழைய பிராட்காம் சிப்கள்தான். அவற்றில் சிலவற்றுக்கு இன்றும் தனியாக ஒரு டிரைவர் தேட வேண்டியிருக்கிறது.

பொருநைப்பித்தன்:
அரை மணி நேரம் உமக்கு. ஹாஸ்டலில் முதல் நாள் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு?

ஜங்ஷன் பட்டறை:
இதில் ஒரு சிக்கல். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வைஃபை கார்டு ஒன்றாக இருக்காது. ஒரே மாடலில் இந்த மாதம் வந்ததில் ஒன்று, அடுத்த மாதம் வந்ததில் வேறொன்று. உபுண்டு நன்றாக ஓடும் என்று சோதித்துப் போட்ட சான்றிதழ்ப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நம்பி வாங்கியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். கார்டு தனியாகக் கழற்றுகிற மாதிரி இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கி மாட்டிவிடலாம், ஏஎம்டி போர்டிலும் ஓடும். ஏஎக்ஸ்201, 211 என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அவை அதற்கென்று அமைந்த இன்டெல் போர்டில் மட்டுந்தான் வேலை செய்யும். போன மாதம் ஒரு பையன் ஏஎம்டி லேப்டாப்புக்கு 211 வாங்கிவந்து என்னோடு ஒரு மணி நேரம் தர்க்கம் செய்தான்.

மேலப்பாளையம் காற்று:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பிள்ளை ஏஐ படிக்கப் போகிறாள் என்றால் என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டாமா?

தென்காசிச் சாரல்:
இந்தப் பணத்துக்கு வருகிற சின்னக் கார்டில் ஏஐ ஒன்றும் பெரிதாக ஓடாது. முதல் இரண்டு வருஷம் இணையத்திலேயே நிரல் ஓட்டுகிற கூகுள் கொலாப் போதும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தில் மேடையில் வைத்து என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டிய கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கோபம் இன்று பழசு. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆனாலும் கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கிற செக்யூர் பூட்டோடு டிரைவருக்குக் கையொப்பமிடுவது, பேட்டரி உறிஞ்சல், தூங்கி எழுந்தால் கறுப்புத் திரை என்று சில்லறைத் தொல்லைகள் உண்டு. ஏஎம்டி கிராபிக்ஸுக்கு 2015-லிருந்தே டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறது. இதில் மட்டும் அம்பைத் தம்பி சொன்னது சரி.

அம்பை99:
"இதில் மட்டும்." சரி அக்கா.

கீழப்பாவூரான்:
நீங்கள் எல்லோரும் எழுதுவதை மகளிடம் காட்டினேன். அவளுக்குப் பாதி புரிகிறது, எனக்குக் கால்வாசி. கடையில் போய் நின்றுகொண்டு நான் என்ன கேட்க வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

பொருநைப்பித்தன்:
ஒன்றும் கேட்க வேண்டாம், ஒரு பென்டிரைவ் கொண்டுபோங்கள். மகளிடம் சொல்லி அதில் நிறுவாமலே ஓடுகிற லைவ் உபுண்டு ஏற்றச் சொல்லுங்கள், 8 ஜிபி பென்டிரைவ் போதும். கடையிலேயே அதிலிருந்து பூட் செய்யலாம், உள்ளே எதையும் அழிக்காது. வைஃபை பட்டியல் வருகிறதா, டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்தினால் நகர்கிறதா, பாட்டு கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். சில புதிய இன்டெல் லேப்டாப்களில் கேமரா வேறு வகையாக இணைந்திருக்கும், அதில் லினக்ஸ் திணறும். ஆகவே கேமராவை மறக்காதீர்கள்.

கடைசியாக மூடியை மடக்கி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து திறங்கள். மடக்கியிருந்தபோது பெட்டி சூடாகவோ விசிறி ஓடிக்கொண்டோ இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பழைய பெட்டிகளில் எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்கம் உண்டு. புதிய பெட்டிகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டு, ஃபோன் மாதிரி அரைத்தூக்கம் கொடுத்திருக்கிறார்கள். பையில் போட்டுப் பாளையங்கோட்டை பஸ்ஸில் மே மாத வெயிலில் போனால் உள்ளேயே வெந்துவிடும்.

ஜங்ஷன் பட்டறை:
லைவில் எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் பயப்படாதீர்கள். சில இன்டெல் லேப்டாப்களில் பயாஸில், அதாவது ஓஎஸ் எழும்பும் முன் வருகிற அமைப்புத் திரையில், விஎம்டி என்ற இன்டெலின் எஸ்எஸ்டி அமைப்பை அணைக்க வேண்டியிருக்கும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடும் முன் மகள் விசாரித்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் எழும்பாது.

ஹாஸ்டலில் சார்ஜரைப் பிடுங்கவே மாட்டார்கள். 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கிற மாதிரி வைக்கும் வசதி லினக்ஸில் திங்க்பேடுக்கும் ஏசஸுக்கும் நன்றாகவே இருக்கிறது. நம் ஊர் சூட்டில் அது பேட்டரிக்கு நல்லது.

மேலப்பாளையம் காற்று:
அண்ணாச்சி, இங்கே லேப்டாப்பில் லினக்ஸ் என்றால் ஏதோ விநோதம் மாதிரி பேசுகிறோம். செங்கோட்டையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். நமக்கும் 2011-இல் வந்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. எங்கள் வகுப்பில் அதைத் திறந்து பார்த்தவன் நான் ஒருவன்தான், அதுவும் தவறுதலாக.

கீழப்பாவூரான்:
வாங்கிவிட்டோம். நேற்று நானும் மகளும் வண்ணார்பேட்டைக்குப் பென்டிரைவோடு போனோம். முதல் கடையில் "இதெல்லாம் மாட்டக் கூடாது" என்றார், வந்துவிட்டோம். இரண்டாவது கடைப் பையன் ஆர்வமாகக் கூடவே உட்கார்ந்துகொண்டான். முதலில் பார்த்ததில் எல்லாம் ஓடியது, ஆனால் மடக்கி வைத்துவிட்டு வந்து தொட்டால் அடுப்பு மாதிரி இருந்தது. அடுத்தது ரைசன், 16 ஜிபி, மீடியாடெக் வைஃபை. கேமரா, பாட்டு, டச்பேடு, எல்லாம் சரி. 43,500. ரேமில் ஒரு பாதி பற்றவைத்ததுதான், இன்னொரு பாதிக்கு ஸ்லாட் இருக்கிறது. விண்டோஸை ஓரமாக வைத்துக்கொண்டு உபுண்டு 24.04 போட்டிருக்கிறாள். எனக்குக் கடைக் கணக்கு எழுத தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக் கொடுத்தாள்.

ஒரு சந்தேகம். ராத்திரி மடக்கி வைத்தபோது பேட்டரி 96. காலையில் திறந்தால் 91. இது சரியா?

அம்பை99:
சரிதான் அண்ணாச்சி. கவலைப்படாதீர்கள்.

பொருநைப்பித்தன்:
என் டி480-இல் 95 இருந்திருக்கும்.